கவிழ்த்து வைத்த நாற்காலி

ஸ்ரீபெரும்புதூரில் 1991இல் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லாரும் மே மாதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயசில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வருஷம் என்றால் ஐப்பசி மாதம்தான். ஐப்பசி என்றால் ஒரு இரும்பு நாற்காலி.

போன மாதம், பெரியவளே, உனக்கு லேசாகக் காய்ச்சல். கம்பெனியில் லைனில் பக்கத்தில் நிற்கிற பெண் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ஓவர்டைம் காசு போய்விடக் கூடாதே என்று நீயும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாய். அதை வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு மாத்திரைக்கு இன்னாப்பா இப்டிக் கத்தற?" என்று கேட்டாய். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதுதான் பதில். எட்டாவது வரை படித்தவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் உன் தம்பியைத் திருத்தச் சொல். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரின் பெயரை இதில் எழுதப் போவதில்லை. செய்யாத தப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு ஆபீஸ் ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு முறை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஊர் அவரைக் 'கேள்வியம்மா' என்றது. எதிரில் நான் 'மேடம்' என்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் நானும் கேள்வியம்மா என்றுதான் சொல்வேன்.

கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த மெடிக்கல் ஷாப்பில் எனக்கு சேல்ஸ்மேன் வேலை. அவர் வருவதற்கு முன்பே ஆறு வருஷம் அங்கே இருந்தவன் நான். எந்த மருந்து எந்த அலமாரி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மருந்துக் கடை நடத்த வேண்டும் என்றால் அதற்கென்று படித்துப் பாஸ் செய்த ஒருவர் வேண்டும். அவர் கடையில் இருக்க, அவர் கண் எதிரில்தான் மருந்து கை மாற வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் அந்தக் காலத்தில் பல கடைகளில் படித்தவரின் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஆள் வேறு ஊரில் அரிசி மண்டி வைத்திருப்பார். எங்கள் கடையிலும் அதே கதைதான். சுவரில் ஒரு பெரியவரின் சர்டிபிகேட் தொங்கும். அவரை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்போம், காலமானவர் படத்துக்கு வைக்கிற மாதிரி.

அவர் உண்மையிலேயே காலமான பிறகுதான் முதலாளி புது சர்டிபிகேட் தேடினார். மேடம் கிடைத்தார். என்னைவிட நாலைந்து வயசு பெரியவராக இருப்பார். ஒல்லி. தோளில் ஒரு ரெக்ஸின் பை. பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். முதல் நாள், சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று முதலாளி காபி வரவழைத்தார். மேடம் காபியைக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். கடையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துத் தன் சர்டிபிகேட்டுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை அது நான் உட்கார்ந்த நாற்காலி.

"இன்னாம்மா, பஸ்ஸுக்கு டைம் ஆவலியா?" என்றார் முதலாளி.

"ஆறு நாப்பதுக்குத்தாங்க பஸ்."

அப்போது மணி காலை பத்து. முதலாளி என் காதில் சொன்னார்: "பேப்பரு கேட்டேன்டா. ஆளையும் சேத்து அனுப்பிட்டான் ஆண்டவன்."

யார் வந்து எதைக் கேட்டாலும் மேடத்திடம் மூன்று கேள்விகள் இருக்கும். மாத்திரை யாருக்கு? டாக்டர் சீட்டு எங்கே? இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆச்சா? மூன்றாவது கேள்வியை ஊரில் அவரைத் தவிர யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஜனங்களுக்கு அது புரியாது. "மருந்து சாப்ட்டா ஒடம்பு நல்லாத்தாம்மா ஆவும், வேற இன்னா ஆவும்?" என்று ஒரு கீரைக்காரம்மா கேட்டார். மேடம் சிரிக்கவில்லை. "அரிப்பு வந்துச்சா, தடிப்பு வந்துச்சா, மயக்கம் வந்துச்சா, வாய் வீங்குச்சா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை ஒரு பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர் ஒருவர் தூக்க மாத்திரை கேட்டு வந்தார். மேடம் சீட்டு கேட்டார்.

"ஏம்மா, நான் தூங்கறதுக்கு கவர்மெண்டு பர்மிஷனா?"

"தூங்கறதுக்கு வேணாங்க. எழுந்துக்கறதுக்குத்தான்."

கடை முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். ஆனால் எதிர்வரிசைக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, எங்கள் கடை வழியாகவே அதை ஆட்டிக் காட்டிக்கொண்டு போனார். இப்படித்தான் பாதி வியாபாரம் எதிர்வாடைக்குப் போனது. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

அவருடைய கத்தரிக்கோல் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையின் ஒரு முனையில்தான் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்பதும் பேட்ச் நம்பரும் அச்சடித்திருக்கும். நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று வெட்டிக் கொடுக்கும்போது நாங்கள் எந்த முனை கையில் வருகிறதோ அதை வெட்டுவோம். மேடம் எப்போதும் தேதி இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்டுவார். கடைசி மாத்திரை விற்கிற வரைக்கும் தேதி பெட்டியிலேயே இருக்கும். வாங்குகிறவருக்கு அந்தத் தேதியையும் நம்பரையும் மருந்தின் பேரையும் பில்லில் எழுதிக் கொடுப்பார். ஒரு நாள் நான் அவசரத்தில் மாற்றி வெட்டிவிட்டேன். மிச்சம் இருந்த நாலு மாத்திரையையும் குப்பையில் போட்டுவிட்டார். "இது இனிமே என்னன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். அட்டையில் கம்பெனி வைத்த பேர் பெரிதாக, கலரில் இருக்கும். அதற்குக் கீழே மருந்தின் பேர் எறும்பு மாதிரி இருக்கும். "பெரிய எழுத்து விக்கறதுக்கு. சின்ன எழுத்துதான் உடம்புக்குள்ள போகுது." அவர் எப்போதும் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் சின்ன எழுத்தைத்தான் படிப்பார். கூட்டம் நிற்கிற நேரத்திலும் படிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்நெஞ்சு என்று ஊரில் பேச்சு இருந்தது. நானும் பேசியிருக்கிறேன். ஒரு நாள் மாலை, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மேஸ்திரி வந்தார். கையில் பழைய சீட்டு. அதில் மருந்து கொடுத்தாயிற்று என்று டாக்டர் கையெழுத்துக்கு மேலே எங்கள் கடை முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. மேடம் முத்திரை குத்திவிட்டால், திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய, அந்தச் சீட்டுக்கு மறுபடி மருந்து கிடையாது.

"அதே நோவுதாம்மா, அதே மருந்துதான். இந்தப் புள்ளையக் கேளு" என்று மேஸ்திரி என்னைக் காட்டிக் கெஞ்சினார். நான் மேடத்தை முறைத்தேன். அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்து கவுண்டர் மேல் வைத்தார். ஆறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி, டாக்டர் கிளினிக்கில் அவரை முதலில் உள்ளே அனுப்பச் சொல்லி நின்றார். புதுச் சீட்டோடு திரும்பினார். மருந்து மாறியிருந்தது. பழைய மருந்து இனி அவர் இருதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் செய்தியை மேடம் எங்களிடம் சொல்லிக் காட்டவில்லை. மேஸ்திரிதான் சொன்னார்.

கவிழ்த்த நாற்காலி என்பது அவருடைய பூட்டு. தினமும் மதியம் ஒரு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போவார். போகும்போது நாற்காலியைக் கால் மேலே பார்க்க கவுண்டரில் ஏற்றி வைப்பார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து அவரே இறக்குவார். அதுவரை சோப்பு, பவுடர், தலைவலித் தைலம் விற்கலாம். மாத்திரை கிடையாது. "நான் இல்லாதப்ப கடையும் இல்ல" என்பார். ரோட்டில் போகிறவர்கள் கேட்பார்கள்: "இன்னா நைனா, கடையில எழவா? சேரைக் கவுத்து வெச்சிக்கினு கீறீங்க?" முதலாளி அந்த நேரத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். நான் மட்டும் நாற்காலியின் நாலு கால்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். மானம் போகும்.

இனி உங்கள் பெரியம்மாவைப் பற்றி, என் அண்ணியைப் பற்றி.

பெரியம்மா ஏன் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், ஏன் மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார், ஏன் உங்கள் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துத்தான் யார் என்று சொல்கிறார் என்று சின்ன வயசில் கேட்பீர்கள். "ஒரு மாத்திரை ஒத்துக்காமப் போச்சு" என்று சொல்லி முடித்துவிடுவோம். அந்த வருஷம் ஐப்பசி வரைக்கும், பென்னலூரில் இருந்து வயல் வழியாக நடந்துவந்து, எங்கள் கடை எதிரில் நின்று, பஸ் போர்டில் இருக்கிற கலரை வைத்தே எந்த பஸ் என்று சொல்லக்கூடியவர் அவர். படிக்கத் தெரியாது. ஆனால் கண் அப்படி.

அந்த வருஷம் சித்திரையில்தான் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. நிறுத்தியதும் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. வேறு எதற்கோ கடைக்கு வந்தவரை மேடம் மூன்றாவது கேள்வி கேட்டார். அண்ணியும் சொன்னார். மேடம் மிச்சமிருந்த மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பச்சை நோட்டில் எழுதினார். பிறகு ஒரு மருந்து டப்பாவின் அட்டையைச் சின்னதாக வெட்டி, உள்பக்க வெள்ளையில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஏதோ எழுதி, மேலே கண்ணாடிக் காகிதம் ஒட்டி, கார்டு மாதிரி செய்து கொடுத்தார். "எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், மொதல்ல இதை நீட்டணும்" என்றார். அண்ணி அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை. ஒரு திங்கட்கிழமை மதியம் ஒன்றே கால் இருக்கும். உங்கள் பெரியப்பா நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, கவிழ்த்த நாற்காலியைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. அந்த அம்மா இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"உங்க அண்ணிக்கு நேத்துலருந்து காச்ச. அப்பால... ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்தம்மா இருந்தா நாலு பேரு எதிர்ல கேள்வி கேக்கும். பொம்பள சமாச்சாரம். நீ பாத்துக் குடுடா."

"அண்ணே, சேரு கவுந்து கீது. ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க."

"ஆறு வருசமா இன்னா புடுங்கிக்கினு கீற இங்க? ஒரு மாத்திர எடுத்துக் குடுக்கத் தெரியாது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அது என்னைக் குத்திவிட்டது. எனக்குத் தெரியும் என்று என் அண்ணனுக்குக் காட்ட வேண்டும். நான் அந்த நாற்காலியை இறக்கிக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு, சொன்னால் வெட்கம், அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் பார்த்தேன்.

ஒண்ணுக்கு எரிச்சலுக்கு டாக்டர்கள் எதை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் முட்டாள்தனமாக எடுத்துக் கொடுக்கவும் இல்லை. "சித்திரையில ஒத்துக்காமப் போச்சே, அந்த மாத்திர பேரு இன்னா?" என்று கேட்டேன். அண்ணன் யோசித்து அந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னார். சரிதான், அது வேண்டாம் என்று, அலமாரியில் வேறு பெயர் போட்டிருந்த பெட்டியை எடுத்தேன். பேர் வேறு, கலர் வேறு, கம்பெனி வேறு. பெரிய எழுத்தை நன்றாகப் படித்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன். காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூணு நாளைக்கு. பில் போடவில்லை. நாற்காலியைத் திரும்பக் கவிழ்த்து அதே இடத்தில் வைத்தேன். இரண்டு மணிக்கு மேடம் வந்து அதை இறக்கினார்.

புதன்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் வழியில் நிறுத்தினார். "மேலெல்லாம் செவப்பா திட்டு திட்டா கீதுடா. கண்ணு எரியுதுன்றா. நிறுத்திடட்டா?"

மேடம் எல்லாரிடமும் சொல்கிற ஒரு வார்த்தை எனக்கு மனப்பாடம். "கிருமிக்குக் குடுக்கற மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாது. முழுசா முடிக்கணும்." அவர் சொல்கிற அதே தோரணையில் நான் அண்ணனிடம் சொன்னேன்: "நடுவுல நிறுத்தாதண்ணே. காச்ச சூடு அது. எளநீ குடு." அந்த விதிக்கு இன்னொரு பாதி உண்டு. உடம்பில் தடிப்பு வந்தால் அப்போதே நிறுத்தி ஓடி வர வேண்டும் என்பது. அதையும் அவர் தினமும் சொல்வார்தான். எனக்கு முதல் பாதிதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது பாதி நினைவுக்கு வந்திருந்தால் நாற்காலியை இறக்கியதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் வரவில்லையோ என்று இத்தனை வருஷம் கழித்துத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேடம் ஏதோ ஒரு சீட்டுக்காக அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நாலு மாத்திரையோடு ஒரு துண்டு அட்டை. தேதி இருக்கிற முனை இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் வெட்டினது?"

"தெரியல மேடம். மொதலாளி எடுத்திருப்பாரு."

முதலாளி உள்ளேயிருந்து, "நான் எதுக்கும்மா எடுக்கறேன்?" என்றார். மேடம் என் முகத்தைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"யார் வெட்டினாங்கன்னு எனக்கு வேணாம். யார் சாப்பிடறாங்கன்னு மட்டும் சொல்லு."

"எங்க அண்ணி மேடம்."

பச்சை நோட்டைத் திறக்கக்கூட இல்லை. அவருக்கு நினைவிருந்தது. அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியைக் கவிழ்த்தார். "சைக்கிள எடு" என்றார். யார் வண்டியிலும் ஏறாதவர், மழையில், என் சைக்கிள் கேரியரில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பென்னலூர் வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை சாப்பிட்டிருப்பாங்க?" நான் கணக்குப் போட்டேன். காலையில் ஒண்ணும் சாப்பிட்டிருந்தால் ஆறும் முடிந்திருக்கும்.

ஐந்து முடிந்திருந்தது. வாய் முழுக்கக் கொப்புளம் என்பதால் ஆறாவதை விழுங்க முடியவில்லை. கண் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. முதுகில் தோல் நனைந்த காகிதம் மாதிரி கழன்று வந்தது. மேடம் மிச்சமிருந்த மாத்திரையையும் அது இருந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு, வெந்நீரில் துணி நனைத்து ஆறவைத்துக் கண்ணில் வைத்தார். கம்பெனி வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே மருந்தின் பேர், பேட்ச், எந்த நாள், எத்தனை மாத்திரை, முன்னால் ஒரு தடவை என்ன ஆனது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உயிர் நின்றது. பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

அண்ணி தேறிய பிறகு, மேடம் கடையில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"ஏம்மா, யாரும் புகார் குடுக்கல. அவங்க வூட்ல இருந்தும் ஒரு சத்தம் இல்ல. பொம்பளையும் பொழச்சிக்கிச்சு. நீயே போயி ஏன் தலையக் குடுக்கற?"

"இது ஒருத்தருக்குத்தான் ஆச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? எல்லாக் கடையிலயும் எழுதாம விட்டா, எல்லா ஊர்லயும் ஒருத்தருக்குத்தான் ஆன மாதிரி இருக்கும்."

அதிகாரி வந்தார். பில் புத்தகம், ரிஜிஸ்டர், பச்சை நோட்டு எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மருந்தைக் கையில எடுத்துக் கொடுத்தது யாரு?"

நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. இடம் விடுகிற பார்வை. எனக்காகக் கொஞ்ச நேரம் காலியாக வைத்திருந்தார். உங்கள் அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள், பெரியவளே, நீ வயிற்றில். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போலீஸ் என்று நினைத்தேன். தரையில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

"நான் இல்லாத நேரத்துல என் அலமாரியிலருந்து மருந்தை எடுக்க முடிஞ்சிருக்கு" என்றார் மேடம். "நாற்காலிய வெச்சிட்டுப் போனேன். பூட்டு போட்டிருக்கணும். என் பொறுப்புன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்.

கடையைச் சில நாள் மூடி வைத்தார்கள். திறந்த அன்று முதலாளி சுவரைக் காட்டி, "அத எடுத்துக்கம்மா" என்றார். மேடம் நாற்காலி மேல் ஏறி சர்டிபிகேட்டை இறக்கினார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். நியூஸ் பேப்பரில் சுற்றினார். கிளம்பும்போது என் எதிரில் நின்றார்.

"அண்ணிக்குக் கண் எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். கண் பரவாயில்லாமல் இல்லை. அதில்கூட நான் அவரிடம் உண்மை சொல்லவில்லை.

அடுத்த வாரம் சுவரில் புது சர்டிபிகேட் வந்தது. ஆள் வரவில்லை. நாற்காலி எனக்கே திரும்பக் கிடைத்தது. அதில் இன்னும் ஒன்றரை வருஷம் உட்கார்ந்துதான் உங்களுக்குச் சோறு போட்டேன். அதற்கு அப்புறம்தான் கம்பெனி கேன்டீன் வேலை கிடைத்துப் போனேன். பல வருஷம் கழித்து ஒரு மதியம், திருவள்ளூருக்கு பஸ்ஸில் போகும்போது, ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரு மருந்துக் கடை கவுண்டரில் நாற்காலி கால் மேலே பார்க்கக் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. இறங்கியிருக்கலாம்.

இதில் மோசமானது இன்னும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற உங்கள் பெரியப்பா அண்ணியிடம் சொன்னது இது: "அந்தம்மாதான் தப்பா குடுத்துட்சு." நானும் தலையாட்டினேன். ஊரெல்லாம் அதையே பேசியது. பெரியப்பா காலமான பிறகு, நடந்தது தெரிந்தவன் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டேன். அவர் சுருக்குப்பையைத் துழாவி ஒரு அழுக்குக் கார்டை எடுத்து நீட்டினார். "தம்பி, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படியேன். எத்தினி வருசமா வெச்சிக்கினு கீறேன். புதுசா ஒரு கண் டாக்டர்கிட்ட போவணும்னு சொல்றாங்க."

கண்ணாடிக் காகிதம் மஞ்சளாகியிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. மேடத்தின் கையெழுத்து. படித்தேன்: "இவருக்கு சல்ஃபா மருந்து ஆகாது. எந்தப் பெயரில் வந்தாலும் ஆகாது."

அன்றைக்கு நான் எடுத்த பெட்டியின் சின்ன எழுத்திலும் சல்ஃபாதான் இருந்தது. "அண்ணி, அன்னைக்கு இது எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? என் இடுப்புலதான். யாரும் கேக்கலியே." பிறகு அவரே சொன்னார்: "அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டு, அந்தம்மாவே மறந்து மாத்திரையும் குடுத்துட்சு பாரு. பாவம், மழையில பதறிக்கினு ஓடியாந்துச்சு. மன்சு கேக்கல போல கீது. மறதி யாருக்குத்தான் இல்ல?"

மறதி என்பது அவரிடம் இல்லவே இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டீ போடட்டா அண்ணி?" என்றுதான் வந்தது.

அதனால்தான் எழுதினேன். எழுதினதிலிருந்து நழுவ முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இருந்தாலும் மாற்றிக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பெரியம்மா வீட்டுக்கு வர வேண்டும். அவரால் இதைப் படிக்க முடியாது. நான் படித்துக் காட்டுவேன். நாற்காலியை இறக்கி வைத்தேன் என்கிற இடத்தில் என் குரல் நின்றுவிட்டால், காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை நீங்கள் படியுங்கள்.